வீட்டில் கரோக்கி: மைக், மிக்சர், ஸ்பீக்கர் தேர்வு செய்வது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரம் படம் பார்க்கிறார்கள். இரண்டாவது வாரம் பாட்டு கேட்கிறார்கள். மூன்றாவது வாரம் வீட்டில் யாராவது ஒருவர், "இதில் நாமே பாட முடியுமா?" என்று கேட்டு விடுகிறார். தாராளமாக முடியும். பாடகரின் குரல் இல்லாமல் இசையை மட்டும் ஒலிக்க விட்டு, திரையில் வரிகளைப் பார்த்து நாம் பாடுவதுதான் கரோக்கி. இதற்கு வேண்டிய கம்ப்யூட்டர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இனி வாங்க வேண்டியது மைக்கும் ஸ்பீக்கரும், இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு சிறிய பெட்டியும்தான்.

எங்கள் ஊர் திருச்சி, எடமலைப்பட்டி புதூர். 1939ஆம் ஆண்டு மே 16 அன்று தொடங்கிய திருச்சி வானொலியைக் கேட்டே மூன்று தலைமுறை பாட்டுப் பழகிய நகரம் இது. என் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீடுகள் சிலவற்றிலும் கரோக்கிக்கான கருவிகளை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்து கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

கடைக்குப் போனதும் எல்லாரும் கேட்கும் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" என்பது. அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது வேறு: மைக்கில் பாடும் குரல் எந்த வழியாகப் போய் ஸ்பீக்கரை அடைகிறது?

குரல் போகும் வழி

எங்கள் தெருவில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். வேலையில் இருந்த காலத்தில் நண்பர்களின் இசைக்குழுவில் பாடியவர். பிள்ளைகள் அவருக்கு லேப்டாப், யு.எஸ்.பி. மைக், ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். பாட ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே தாளம் விட்டுப் போகிறது. பேரப் பிள்ளைகள் சிரித்தார்கள். "வயசாயிடுச்சு தம்பி, இனிமே நமக்கு வராது" என்று என்னிடம் சொல்லி விட்டு, மைக்கை அட்டைப் பெட்டிக்குள் வைத்து விட்டார்.

அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. மைக்கிலிருந்து குரல் லேப்டாப்புக்குள் போகிறது. அங்கே எண்களாக மாற்றப்பட்டு, விண்டோஸ் வழியாகப் பயணம் செய்து, ப்ளூடூத்துக்காகச் சுருக்கப்பட்டு, காற்றில் அனுப்பப்பட்டு, ஸ்பீக்கரில் மீண்டும் விரிக்கப்பட்டு, பிறகுதான் ஒலிக்கிறது. ப்ளூடூத்தில் மட்டுமே பொதுவாக 100 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதம் ஏற்படும். ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. அப்படியானால் 200 மில்லி விநாடித் தாமதம் என்பது, ஸ்பீக்கரை 68 மீட்டர் தள்ளித் தெருக்கோடியில் வைத்து விட்டு, வீட்டில் உட்கார்ந்து பாடுவதற்குச் சமம்.

தன் குரல் இப்படித் தாமதமாகக் காதில் விழுந்தால் மனிதன் தடுமாறிப் போவான் என்பதை 1950ஆம் ஆண்டிலேயே பெர்னார்ட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதியிருக்கிறார். குரிஹாரா, சுகாடா என்ற இரு ஜப்பானியர்கள் இதே தத்துவத்தில் 'ஸ்பீச் ஜாமர்' என்ற கருவியைச் செய்தார்கள். மேடையில் நிறுத்தாமல் பேசுகிறவரின் குரலையே சற்றுத் தாமதமாக அவருக்குத் திருப்பி அனுப்பி வாயடைக்க வைக்கும் கருவி அது. சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் கண்டுபிடிப்புகளுக்கான இக்நோபல் பரிசு 2012ல் இதற்குக் கிடைத்தது. பெரியவர் வீட்டிலும் தெரியாமலேயே இப்படி ஒரு கருவியை அமைத்து விட்டார்கள். ஒரு சிறிய மிக்சரும் வயர் மைக்கும் வைத்து இணைப்பை மாற்றிக் கொடுத்தேன். இப்போது பாடுகிறார்.

10 மில்லி விநாடிக்குள் இருக்கும் தாமதத்தை நம் காது பெரும்பாலும் கண்டு கொள்வதில்லை. மூன்று மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் இருந்தாலே அவ்வளவு தாமதம் வந்து விடும். 20, 30 என்று ஏறும்போது பாடுவது சிரமமாகிறது. நூறைத் தாண்டினால் தேர்ந்த பாடகரும் திணறுவார்.

ஆகவே நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து வரட்டும். குரல் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டாம். இரண்டும் வெளியே மிக்சரில் சேரட்டும்.

இது புதிய யோசனை அல்ல. 1971ல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே என்ற இசைக் கலைஞர் 'எய்ட் ஜூக்' என்ற கரோக்கிப் பெட்டியை உருவாக்கினார். காரில் வைக்கும் டேப் ரெக்கார்டர், ஒரு சிறிய ஆம்ப்ளிபயர், ஒரு மைக், காசு போடும் பெட்டி ஆகியவைதாம் அதில் இருந்தன. பாட்டும் குரலும் ஆம்ப்ளிபயரில் சேர்ந்தன. நம்மூர்க் கோயில் திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் செய்வதும் இதுதான். இனோவே தன் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அவருக்கும் 2004ல் இக்நோபல் பரிசு, அதுவும் சமாதானத்துக்கான பரிசு, கிடைத்தது.

மைக்: டைனமிக்கா, கண்டென்சரா?

நான் முதலில் செலவு செய்யச் சொல்வது மைக்குக்குத்தான். மட்டமான மைக்கில் போன குரலை எத்தனை பெரிய ஸ்பீக்கரும் சரி செய்து தராது.

கடையில் இரண்டு வகை மைக்குகள் இருக்கும். கண்டென்சர் மைக் மிக நுட்பமானது. ஸ்டூடியோவுக்கு நல்லது. ஆனால் நம் வீட்டில் மின்விசிறியை நிறுத்தி விட்டுப் பாட முடியுமா? கண்டென்சர் மைக் உங்கள் குரலுடன் மின்விசிறி, குக்கர் விசில், தெருவில் போகும் காய்கறி வண்டியின் கூவல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். பெரும்பாலான கண்டென்சர் மைக்குகளுக்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் 'பேண்டம் பவர்' மின்சாரமும் தர வேண்டும்.

வீட்டுக் கரோக்கிக்கு ஏற்றது டைனமிக் மைக். வாய்க்கு அருகில் வரும் ஒலியை நன்றாகவும், தூரத்து ஒலியைக் குறைவாகவும் பிடிக்கும். கை தவறி விழுந்தாலும் எளிதில் கெடாது. 1966ல் அறிமுகமாகி இன்றும் உலகெங்கும் மேடைகளில் காணப்படும் ஷூர் எஸ்.எம். 58 இந்த வகைதான். தொடக்கத்திலேயே அவ்வளவு விலையுள்ள மைக் வேண்டியதில்லை. நம் நாட்டு அகுஜா உட்படப் பல நிறுவனங்களின் டைனமிக் மைக்குகள் அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

வாங்கும்போது 'கார்டியாய்டு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க ஒலியை நன்றாகப் பிடித்து, பின்பக்க ஒலியைத் தவிர்க்கும் மைக் என்று பொருள். வயர் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். வயர்தான் முதலில் பழுதாகும். மைக்கோடு ஒட்டியே வரும் வயர் அறுந்தால் மைக்கையே மாற்ற நேரிடும். மைக் பக்கம் கேனான் பின் எனப்படும் மூன்று கால் எக்ஸ்.எல்.ஆர். பின்னும், மிக்சர் பக்கமும் அதுவே இருந்தால் இரைச்சல் குறையும். பழைய ஆம்ப்ளிபயர்களில் பி-38 என்று கடைக்காரர்கள் சொல்லும் தடித்த பின்தான் சேரும். உங்கள் மிக்சரில் என்ன துளை இருக்கிறது என்று பார்த்து விட்டு வயர் வாங்குங்கள்.

கம்ப்யூட்டரின் பின்புறம் மூன்று வண்ணங்களில் துளைகள் இருக்கும். பிங்க் நிறம் மைக்குக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியைக் கொடுப்பதற்கு. பிங்க் துளையில் டைனமிக் மைக்கை நேரடியாகச் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். காரணம், டைனமிக் மைக் தருவது சில மில்லி வோல்ட் மட்டுமே. அந்தத் துளை ஹெட்செட்டில் வரும் சிறிய மைக்குக்காக வடிவமைக்கப்பட்டது. மைக்கைக் குறை சொல்ல வேண்டாம். இடையில் மிக்சர் வேண்டும், அவ்வளவுதான்.

மிக்சர்: நடுவில் நிற்கும் பெட்டி

மிக்சர் என்றதும் கல்யாண மண்டப மேடையில் பார்த்த நீளமான பெட்டியை நினைத்துப் பயப்பட வேண்டாம். நான்கு சேனல் கொண்ட, புத்தக அளவுப் பெட்டியே போதும். அதில் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, மைக்குக்கும் பாட்டுக்கும் தனித்தனி வால்யூம் திருகுகள். இரண்டாவது, எக்கோ அல்லது ரிவர்ப் வசதி. குளியலறையில் பாடும்போது குரல் இனிமையாகக் கேட்பது ஏன் தெரியுமா? சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலிதான். ரிவர்ப் செய்வதும் அதையே. ஆனால் எக்கோவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வர முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில மலிவான கருவிகளில் அது எப்போதும் ஓடிக் கொண்டே இருக்கும். சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒன்றும் புரியாது. மூன்றாவது, மைக் சேனலில் கனத்த ஒலி, மெல்லிய ஒலி இரண்டையும் கூட்டிக் குறைக்கும் திருகுகள்.

பாடுவதைப் பதிவு செய்யவும் ஆசை இருந்தால், யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் என்ற பெட்டியை வாங்கலாம். அதில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பட்டன் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் உங்கள் குரல் ஒரு பக்கம் கம்ப்யூட்டருக்குப் பதிவுக்காகப் போகும். இன்னொரு பக்கம் தாமதமில்லாமல் நேராக ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ வந்து விடும். நம் விதி இங்கேயும் காப்பாற்றப்படுகிறது. ஆனால் மிக்சரில் உள்ளதுபோல் எக்கோ இதில் பொதுவாக இருக்காது.

விண்டோஸில் மைக் அமைப்புக்குள் 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்தால் செலவில்லாமல் குரல் ஸ்பீக்கரில் கேட்கும் என்று சிலர் சொல்வார்கள். கேட்கும், ஆனால் தாமதமாகக் கேட்கும். பாடுவதற்கு அது உதவாது.

சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கர் வாங்கலாமா?

இரண்டு கம்பியில்லா மைக்குகளுடன் வரும் டிராலி ஸ்பீக்கரைப் பலரும் கேட்கிறார்கள். இதில் ப்ளூடூத் இருக்கிறதே, தாமதம் வராதா என்ற சந்தேகம் எழும். இதில் பெரும்பாலும் மைக்கின் குரல் நேராக ஸ்பீக்கருக்குள் உள்ள மிக்சருக்கே போகிறது. பாட்டு மட்டும் ப்ளூடூத்தில் வருகிறது. பாட்டு கால் விநாடி தாமதமாக வந்தாலும், வந்த பாட்டுக்கு ஏற்ப நீங்கள் பாடப் போகிறீர்கள். ஆகவே தாளம் தவறாது. திரையில் வரிகள் மட்டும் சற்று முன்னதாக ஓடக் கூடும். அதையும் தவிர்க்க, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயர் செருகி விடுங்கள்.

இடம் குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. குறை என்னவென்றால், பெட்டி மொத்தமும் ஒன்று. மைக் பிடிக்கவில்லை என்றால் மைக்கை மட்டும் மாற்றுவது பல மாடல்களில் சிரமம். வாங்குமுன் பின்பக்கம் வயர் மைக்குக்குத் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பீக்கர்: வாட்ஸ் கணக்கில் ஏமாற வேண்டாம்

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அட்டைகளில் பி.எம்.பி.ஓ. என்று எழுதி, நூற்றுக்கணக்கான வாட்ஸ் போட்டிருப்பார்கள். அந்த அளவீட்டுக்கு ஒழுங்கான வரையறை கிடையாது. உள்ளே இருப்பது 10 வாட்ஸாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், தொடர்ந்து தரக் கூடிய திறன் அது.

இன்னொரு கணக்கும் தெரிந்து கொள்ளுங்கள். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும், அதாவது ஓரளவு உணரும்படியான கூடுதல். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எனவே 30 வாட்ஸுக்கும் 60 வாட்ஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மைக்கில் போடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 20 முதல் 30 ஆர்.எம்.எஸ். வாட்ஸ் தாராளம்.

கம்ப்யூட்டருடன் வாங்கிய 2.1 ஸ்பீக்கர் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். அதிலுள்ள பெரிய பெட்டி தாள ஒலிகளுக்கு மட்டும். குரல் வருவது இரண்டு சிறிய பெட்டிகளிலிருந்துதான். அவை மிகச் சிறியவையாக இருந்தால் குரல் மெலிந்து கேட்கும். புதிதாக வாங்குவதானால், ஆம்ப்ளிபயர் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கராக வாங்குங்கள். கடையில் பாட்டைப் போட்டுக் கேட்பதோடு நிற்காமல், மைக்கை மாட்டிப் பேசிப் பாருங்கள். ச, ஷ, ப போன்ற எழுத்துகள் தெளிவாக வந்தால் அது பாடுவதற்கு ஏற்ற ஸ்பீக்கர்.

இணைப்பது எப்படி?

1. எல்லா வால்யூம் திருகுகளையும் பூஜ்ஜியத்தில் வையுங்கள்.

2. கம்ப்யூட்டரின் பச்சைத் துளை அல்லது லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் ஈ.பி. பின் எனப்படும் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னைச் செருகுங்கள். அந்த வயரின் மறுமுனையில் உள்ள இரண்டு ஆர்.சி.ஏ. பின்களை மிக்சரின் லைன் துளைகளில் செருகுங்கள்.

3. மைக்கை மிக்சரின் முதல் சேனலில் இணையுங்கள்.

4. மிக்சரின் 'மெயின் அவுட்' துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் கொடுங்கள்.

5. முதலில் கம்ப்யூட்டர், அடுத்து மிக்சர், கடைசியில் ஸ்பீக்கர் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில் அணையுங்கள். 'டொப்' என்ற சத்தம் ஸ்பீக்கரைத் தாக்காமல் இருக்கும்.

6. மைக்கில் பேசிக் கொண்டே அதன் வால்யூமை முதலில் ஏற்றுங்கள். குரல் வசதியாக வந்த பிறகு பாட்டை அதற்குக் கீழே வையுங்கள். எக்கோவைக் கடைசியில் கொஞ்சமாகச் சேருங்கள்.

சரியாக இருக்கிறதா என்று அறிய, மைக் அருகே ஒரு முறை கை தட்டுங்கள். ஒரே தட்டாகக் கேட்டால் சரி. 'டக்-டக்' என்று இரண்டாகக் கேட்டால் எங்கோ தாமதம் இருக்கிறது. எக்கோவை முழுதும் குறைத்து விட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.

மைக் 'கூய்ங்' என்று கத்தினால்?

ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் நுழைந்து சுற்றிக் கொண்டே இருப்பதால் இந்தக் கூச்சல் வருகிறது. ஸ்பீக்கரைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். அவருக்கு முன்னால், மைக்கின் வால் பக்கம் ஸ்பீக்கரைப் பார்க்கும்படி வையுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. சினிமாவில் சிலர் அப்படிப் பிடிப்பார்கள்; அதனால் கார்டியாய்டு தன்மை போய், கூச்சல் அதிகமாகும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி போதும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் பாயோ ஜமுக்காளமோ விரித்து, ஜன்னல்களுக்குத் திரை போட்டாலே ஒலி வெகுவாகத் தெளியும்.

'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலி. கம்ப்யூட்டர், மிக்சர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில், எர்த் உள்ள சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள். ரீங்காரம் போவதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து விடச் சொல்பவர்கள் உண்டு. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். மைக் என்பது உலோகத் தலையுள்ள கருவி. பாடுபவரின் உதடு அதைத் தொடுகிறது. எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் அந்த எர்த் வயர்தான் உயிரைக் காக்கும்.

பாட்டும் சுருதியும்

பாடகர் குரலை நீக்கிய பாட்டுகள் இண்டர்நெட்டில் ஏராளமாக உள்ளன. இல்லாத பாட்டுக்கு நீங்களே தயாரிக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இடது, வலது இரண்டிலும் சமமாக இருக்கும் குரலைக் கழித்துக் குறைக்கும். 1978ல் வந்த 'ப்ரியா' போன்ற ஸ்டீரியோ பதிவுகளில் இந்த முறைக்குப் பலன் உண்டு. 1950, 60களின் மோனோ பதிவுகளில் பயனில்லை. இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் இசையும் சேர்ந்தே மறைந்து விடும். அவற்றுக்கு 2019ல் வெளியான ஸ்பிளீட்டர் போன்ற, செயற்கை நுண்ணறிவால் குரலைப் பிரிக்கும் மென்பொருள்கள் உதவும்.

பாட்டு உங்கள் குரலுக்கு எட்டவில்லை என்றால் தொண்டையைக் கிழித்துக் கொள்ள வேண்டாம். ஆடாசிட்டியில் 'சேஞ்ச் பிட்ச்' என்பதைக் கிளிக் செய்து சுருதியைக் குறையுங்கள். மைனஸ் 2 என்று கொடுத்தால் 5 கட்டைப் பாட்டு 4 கட்டைக்கு இறங்கி விடும். வேகம் மாறாது.

அக்கம்பக்கமும் காதும்

எங்கள் பகுதியில் பல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரமாகக் கணக்கிடப்படுகிறது. பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைத்து விட்டு, மிக்சரின் ஹெட்போன் துளைக்கு மாறி விடுங்கள். வயர் உள்ள ஹெட்போனாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போன் வைத்தால் பழைய தாமதம் திரும்பி வந்து விடும். போனில் ஸ்மியூல் போன்ற செயலிகளில் பாடுபவர்களுக்கும் இதே ஆலோசனைதான்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது வல்லுநர்கள் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். குழந்தைகளை ஸ்பீக்கருக்கு ஒட்டி உட்கார விடாதீர்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் உள்ள தொகையை நூறாகப் பிரித்தால், மைக்குக்கும் அதன் வயருக்கும் 35, மிக்சருக்கு 25, ஸ்பீக்கருக்கு 40 என்று ஒதுக்குவது என் பழக்கம். 2.1 ஸ்பீக்கர் ஏற்கெனவே இருந்தால் அந்த 40ஐ அப்படியே மிச்சம் பிடியுங்கள். ஆறு மாதம் பாடிப் பார்த்து விட்டு, தேவையென்று தோன்றினால் ஸ்பீக்கர் வாங்கலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப்பையும், நன்றாகப் பாட வரும் ஒரு பாட்டையும் கொண்டு செல்லுங்கள். வீட்டில் யார் அதிகம் பாடப் போகிறாரோ அவரையும் கூடவே அழைத்துப் போங்கள். அவர் கையில் மைக்கைக் கொடுத்து ஒரு பல்லவி பாடச் சொல்லுங்கள். தயங்காமல் சரணத்துக்குப் போனாரானால், அந்தக் கருவிகளுக்கு பில் போடச் சொல்லலாம்.